ஒனேலியா வாசலில் நின்ற கோங்கா

ஒனேலியா டெஸ்பைனுக்கு எப்போது கோபம் வந்தது என்று கேட்டால் குவாசிமா மேட்டில் எல்லோரும் சிரிப்பார்கள். எப்போது போனது என்று கேளுங்கள், யோசித்துச் சொல்கிறோம். ஐம்பத்திரண்டு வயது, நல்ல உயரம், பஸ் பட்டறையில் மண்ணெண்ணெயில் ஊறிக் கறுத்த கை. ரொட்டிக் கடை வரிசையில் எவனாவது குறுக்கே நுழைந்தால் போதும், அவன் வளர்ந்த லட்சணம் முழுவதும் தெருவுக்குத் தெரிந்துவிடும். ஆனால் நான் சொல்ல வந்தது அந்த ரகக் கோபம் இல்லை. இது நியாயமான கோபம். எழுத உட்கார்ந்தால் இன்றைக்கும் எனக்கே ரத்தம் கொதிக்கிறது.

பட்டறையில் அவள் வேலை, பஸ்களிலிருந்து கழற்றிப் போட்ட பிரேக் டிரம்களைக் கழுவி நல்லது கெட்டது பிரிப்பது. கழுவியதைக் கம்பியில் தொங்கவிட்டு இரும்புக் கோலால் ஒரு தட்டு தட்டுவாள். நின்று நீளமாகப் பாடினால் நல்ல டிரம், வண்டிக்குத் திரும்பப் போகும். டொக் என்று செத்த சத்தம் வந்தால் உள்ளே எங்கோ விரிசல், அது பழைய இரும்புக்கு. எந்த மெக்கானிக்கின் கண்ணுக்கும் படாத விரிசல் இவள் காதில் மாட்டிக்கொள்ளும். இந்த இரண்டிலும் சேராத இன்னொரு ரகம் உண்டு. விரிசல் இருக்காது, ஆனால் தேய்ந்து தேய்ந்து மெலிந்துபோய் வண்டிக்கு உதவாது. பாடுவதில் அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. அப்படிப்பட்டதில் மூன்றைப் பொறுக்கி, சிறியது, நடு, பெரியது என்று ஜன்னலோரம் தொங்கவிட்டாள். வேலைக்கு நடுவே போகிற போக்கில் தட்டித் தட்டி ஒரு தாள அடி உருவானது. சிறியது கேள்வி கேட்கும். நடு குறுக்கே பேசும். பெரியது தாமதமாக வந்து முடித்துவைக்கும்.

எங்கள் மேட்டின் கோங்காவை நடத்தியவன் அவள் தம்பி நிகாசியோ. ஜூலையில் கார்னிவல் வந்தால் மேளங்களும் சீனக் குழலும் முன்னால் போக, தெருவே கால் தேய்த்து ஆடிக்கொண்டு பின்னால் போகும், அதுதான் கோங்கா. அதுவரைக்கும் இரும்புச் சத்தத்துக்கு எங்களவர்கள் வாணலியைத்தான் தட்டிக்கொண்டிருந்தார்கள். நிகாசியோ ஒருநாள் அக்காவுக்குச் சாப்பாடு கொண்டுபோனான். ஜன்னலோரத்து அடியைக் கேட்டான், தட்டை வைக்க மறந்து நின்றான்.

"அக்கா, இதத் தெருவுக்குக் கொண்டு போலாமா?"

"கொண்டு போயேன். எனக்கென்ன, பஸ்ஸுக்கா மாட்டப் போறேன்?"

மூன்று ஆண்களைக் கூட்டிவந்தான். அந்தக் காலத்தில் பெண் ஆடலாம், பாடலாம், குடம் குடமாக வியர்க்கலாம், மேளத்தைத் தொடக்கூடாது. யார் வைத்த முறை என்று கேட்டால் ஒரு பயலுக்கும் தெரியாது. ஒனேலியா அந்த மூன்று பேரையும் வரிசையாக நிறுத்தி, அவரவர் அடியை அவரவர் முதுகிலேயே அடித்து ஏற்றினாள். முதுகு சிவந்தது, அடி ஏறியது. அந்த வருஷம் எங்கள் கோங்கா மேட்டிலிருந்து இறங்கியபோது துறைமுகம் வரைக்கும் ஜனம் வாய் பிளந்து நின்றது. அடுத்த வருஷம் பார்த்தால் சந்தியாகோ ஊரின் எல்லாப் பேட்டைக்காரனும் லாரி டிரம்மைக் கழுத்தில் கட்டிக்கொண்டு வருகிறான். அந்த அடிக்கு மேட்டில் ஒரே பெயர்தான், ஒனேலியா அடி. அவளுக்கு அது போதுமாக இருந்தது. வாடகை வீடு, குவாந்தனாமோவுக்கு வேலைக்குப் போய்த் திரும்பி வராத புருஷன், மண்ணெண்ணெய்க் கை, இவை போக அவளுக்கென்று இருந்தது அந்தப் பெயர் ஒன்றுதான்.

மேட்டில் இன்னொரு முறையும் உண்டு. சாவு விழுந்த வீட்டுக் கதவில் கறுப்புத் துணி தொங்கும். அந்த வாசலுக்கு வந்தால் கோங்கா கப்சிப்பென்று நின்றுவிடும். எப்பேர்ப்பட்ட போட்டி நடந்தாலும் சரி, நின்றாக வேண்டும். அந்த வீட்டு ஆள் ஒருவர் வெளியே வந்து தம் கையால் முதல் அடியைக் கொடுத்தால்தான் மறுபடி மேளம். எத்தனை நாள் துணி தொங்கலாம் என்பது வீட்டுக்காரர் இஷ்டம். ஒனேலியா, நிகாசியோ இருவரின் அம்மா செத்த வருஷம் நிகாசியோ கோங்காவின் முன்வரிசையில் அழுதுகொண்டு நின்றான். வீட்டிலிருந்து வெளியே வந்தவள் ஒனேலியா. ஒருவனிடமிருந்து கோலைப் பிடுங்கிச் சின்ன இரும்பில் ஒன்று வைத்தாள். நான் சொல்ல வந்த சமாச்சாரத்துக்கு முன்னால் தெருவில் அவள் இரும்பைத் தொட்டது அந்த ஒரு தடவைதான். துக்க வீட்டுக்காரி என்பதால் யாரும் வாய் திறக்கவில்லை.

இனி அந்த வில்லால்பா.

ஹவானா இசைக்குழு ஒன்று ஊர் ஊராகப் போன பஸ் எங்கள் பட்டறை வாசலில் படுத்துவிட்டது. பழுது பார்க்க ஒரு பகல் பிடித்தது. மற்றவர்கள் ரம் குடிக்கப் போனார்கள். டிரம்பெட் ஊதும் அமாதோர் வில்லால்பா மட்டும் வெள்ளைச் சட்டையில் எண்ணெய் படாமல் ஜன்னலோரம் வந்து நின்றான். மரியாதையாகத்தான் பேசினான், பாவி.

"என்னம்மா இது? இன்னொரு தடவ அடிச்சுக் காட்டுங்களேன்."

காட்டினாள். பத்துத் தடவை காட்டினாள். அவன் பென்சிலைத் தேடி எடுப்பதற்குள் அடி பாதி ஓடிவிட்டது. பெரிய இரும்பு விழுந்த இடத்திலிருந்து சிகரெட் அட்டையின் பின்பக்கம் கிறுக்க ஆரம்பித்தான். எங்கே தொடங்குகிறது என்று கேட்கவில்லை. கேட்டால் குறைந்தா போவான்? எழுதி முடித்து, பையில் வைத்து, கை குலுக்கிவிட்டுப் போனான்.

"காப்பி வேற போட்டுக் குடுத்தேன்" என்பாள் ஒனேலியா பிற்பாடு. எல்லாவற்றையும்விட அந்தக் காப்பிதான் அவளுக்கு ஆறவில்லை. "சர்க்கரை தட்டுப்பாடான நேரம். ரெண்டு ஸ்பூன் போட்டேன் அந்த நாசமாப் போறவனுக்கு."

மூன்று வருஷம் கழித்து ரேடியோவில் வந்தது. 'வில்லால்பா தாளம்'. மாயெஸ்த்ரோ, அதாவது இசை மேதை, அமாதோர் வில்லால்பா தனிமையில் அமர்ந்து கண்டுபிடித்தாராம். தனிமையாம்! மெக்சிகோவில் ஆடினார்கள், நியூயார்க்கில் ஆடினார்கள், பாரிஸ் ஓட்டல்களில் ஒருவர் இடுப்பை ஒருவர் பிடித்துக்கொண்டு வரிசை கட்டி ஆடினார்கள். ஆடினார்களே, சரியாகவாவது ஆடினார்களா? அவன் எழுதிக்கொண்டு போனது தலைகீழ். நடுவிலிருந்து எழுதினால் வேறு எப்படி இருக்கும்? எங்கள் தெரு காலை ஊன்றுகிற இடத்தில் அங்கே உலகமே காலைத் தூக்கி உதைத்துக்கொண்டிருந்தது.

ஒனேலியா கத்தினாள், ரேடியோவை அணைத்தாள், வேலைக்குப் போனாள். ஹவானாக்காரன் பொய் சொன்னால் சொல்லட்டும், மேட்டுக்குத் தெரியும், நிகாசியோவுக்குத் தெரியும். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அவன் எழுதிக்கொண்டு போனதற்கு ஏழாம் வருஷம், கார்னிவலுக்கு இரண்டு வாரம் முன்னால், மாயெஸ்த்ரோ பெரிய மனிதராக சந்தியாகோவுக்குத் திரும்பி வந்தார். விழாவுக்குச் சிறப்பு விருந்தாளி. அலங்கரித்த லாரி மேல் அவர் குழு வாசித்துப் போகும். பின்னால் போகும் பாக்கியம் குவாசிமா மேட்டுக் கோங்காவுக்கு. நிகாசியோவைப் பக்கத்தில் உட்காரவைத்து ரேடியோக்காரன் பேட்டி எடுத்தான். ஒனேலியா பக்கத்து வீட்டு யூஃபீமியாவோடு மரவள்ளி உரித்துக்கொண்டே கேட்டாள்.

"எங்களுக்கு இரும்பு கோத்துக் குடுத்ததே மாயெஸ்த்ரோதாங்க" என்றது தம்பியின் குரல். "அதுக்கு முன்னாடி வாணலியத் தட்டிக்கிட்டுத் திரிஞ்சோம்."

"யாரோ பட்டறைப் பெண் ஒருத்தி சொல்லிக் கொடுத்ததாகச் சிலர் பேசிக்கொள்கிறார்களே?"

யூஃபீமியா கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

"அப்படி யாரும் இல்லீங்க."

ஒனேலியா கத்தவில்லை. அதுதான் யூஃபீமியாவுக்குப் பயமாக இருந்தது. மீதி மரவள்ளியை உரித்து முடித்து, தோலை அள்ளிக் கொட்டி, கையைக் கழுவிக்கொண்டு தம்பி வீட்டுக்கு நடந்தாள். அவன் புதுச் சட்டையைப் போட்டு அழகு பார்த்துக்கொண்டிருந்தான். மஞ்சள் சாட்டின், முதுகில் ஜரிகை. மாயெஸ்த்ரோ உபயம், எண்பது பேருக்கும்.

"நாக்கு கூசலயாடா உனக்கு?"

"அக்கா, மொதல்ல உக்காரு."

"நிக்கிறேன். சொல்லு. அப்படி யாரும் இல்லையா?"

"வார்த்தைதானேக்கா. ஒரு வார்த்தை. அதுக்கு எண்பது சட்டை, பன்னெண்டு புது மேளம். நம்ம பசங்க கிழிசலோட ஆடுறது உனக்கு நல்லாருக்கா? மேட்டுல எல்லாருக்கும் உண்மை தெரியும். ரேடியோவுல சொன்னா என்ன, சொல்லாட்டி என்ன?"

"அப்ப அவன் பேர ரேடியோவுல ஏன் சொன்ன? அவன் பேரையும் சொல்லாம விட்டிருக்கலாமே?"

நிகாசியோ ஜரிகையைத் தடவினான்.

"நீ மூத்திரம் போன துணியெல்லாம் துவைச்சவடா நான். உன் சட்டைய நீயே போட்டுக்க. ஆனா ஒண்ணு, இல்லாதவகிட்ட இனிமே அக்கான்னு கூப்பிட்டுக்கிட்டு வராத."

"போக்கா, ரெண்டு நாள்ல சரியாயிடுவ."

ரெண்டு நாளாம்! கூடப் பிறந்தும் அவளைப் பற்றி இவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

புனித சந்தியாகோ திருநாள் மதியம். வெயில் கல்லைப் பிளந்தது. தெருவெங்கும் பன்றி வறுக்கிற புகை, கோணிச் சாக்குக்குள் ஐஸ்கட்டி, ப்ரூ பானம் விற்கிறவளின் கூச்சல். மேளக்காரர்கள் பழைய செய்தித்தாளைக் கொளுத்தி மேளத் தோலை வாட்டி முடித்து, வரிசை கட்டி இறங்க ஆரம்பித்தார்கள். முன்னால் லாரி. மேலே வெள்ளைக் கோட்டு போட்ட வில்லால்பாவும் அவன் குழுவும், நிக்கல் பூசிப் பளபளக்கும் மூன்று பிரேக் டிரம்களும். நிக்கல் பூசினால் இரும்பின் குரல் அடைத்துப்போகும் என்று பட்டறைப் பையனுக்கும் தெரியும், மாயெஸ்த்ரோவுக்குத் தெரியவில்லை. பின்னால் மஞ்சள் சாட்டினில் எங்கள் எண்பது பேர். முதல் முறையாக எங்கள் கோங்கா தலைகீழ் அடியை அடித்துக்கொண்டு எங்கள் தெருவில் இறங்கியது. கிழவர்களெல்லாம் கால் வைக்கத் தெரியாமல் தடுமாறினார்கள். வயிறு எரிந்தது எங்களுக்கு.

ஒனேலியா வீட்டைக் கடந்து லாரி போனது. பின்னால் வந்த நிகாசியோ கையைத் தூக்கினான். ஒரே வீச்சில் மேளம், குழல், இரும்பு எல்லாம் நின்றன.

கதவில் கறுப்புத் துணி தொங்கிக்கொண்டிருந்தது. அம்மா செத்தபோது தொங்கவிட்ட அதே துணி. மடிப்பு கலையாமல் பெட்டியில் இருந்ததை எடுத்து, ஆணியடித்து மாட்டியிருந்தாள்.

லாரி இருபது கஜம் தனியாக வாசித்துக்கொண்டு போயிற்று. பின்னால் ஒன்றும் வரவில்லை என்று அப்புறம்தான் அவர்களுக்குத் தெரிந்தது. அந்த வீட்டில் இருப்பது ஒனேலியா ஒருத்திதான். இரண்டு வாரமாக நிகாசியோ அந்தப் பக்கம் எட்டிப்பார்க்கவில்லை.

"அக்கா!" என்று கத்திக்கொண்டு கதவை நோக்கி ஓடினான். "அக்கா! ஐயோ, என்னாச்சு? யாரு செத்தது?"

கதவு திறந்தது. வேலைக்குப் போகும் உடுப்பில், கையில் இரும்புக் கோலோடு ஒனேலியா நின்றாள்.

"நான்தான்."

"என்னக்கா விளையாடுற?"

"விளையாடுறனா? பட்டறையில அப்படி யாரும் இல்லன்னு ஊர் பூரா கேக்கச் சொன்னது யாரு? இல்லாதவன்னா செத்தவதானே? துக்கம் வேணாமா? நீ மறந்துட்ட, நானே தொங்கவிட்டுக்கிட்டேன்."

எண்பது பேரும் குனிந்து சாட்டினைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வில்லால்பா லாரியிலிருந்து இறங்கி வந்தான். கைக்கடிகாரத்தைப் பார்த்தான், கீழே நடுவர் மேடை காத்திருக்கிறதல்லவா.

"என்ன தாமதம்? யாரு இந்த அம்மா?"

"காப்பி குடிச்சியே, ரெண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டு, அந்த அம்மா" என்றாள் ஒனேலியா.

அவனுக்கு ஞாபகம் வந்தது. வந்ததை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். கோட்டுப் பித்தானைத் திருகினான். நிகாசியோவிடம் திரும்பி, "வாசிக்கச் சொல்லுங்க" என்றான்.

"முடியாதுங்க" என்றான் நிகாசியோ. அந்த ஒன்றையாவது சொன்னான். "வீட்டாள் அடிக்காம எங்க பசங்க கை எழும்பாது."

ஒனேலியா படியிறங்கினாள். சின்ன இரும்பு வைத்திருந்தவனுக்கு முன்னால் போய் நின்று ஒன்று வைத்தாள். சரியான இடத்தில். பிறகு நடுவில். பிறகு தாமதமாக, நிதானமாக, பெரியதில். மூன்று பேர் முதுகுக்கும் பழைய வலி ஞாபகம் வந்திருக்க வேண்டும், மூவரும் ஒன்றாக உள்ளே வந்தார்கள். பின்னாலேயே மேளமெல்லாம் இடிந்து விழுந்தது. கிழவர்கள் கால் தரையைக் கண்டுபிடித்தது. லாரி மேலிருந்த குழுவும் சேர்ந்துகொள்ளப் பார்த்தது. அவர்கள் எங்கே நுழைந்தாலும் தப்பாகவே இருந்தது.

யூஃபீமியா இடுப்பில் கை வைத்துக்கொண்டு வில்லால்பாவைப் பார்த்துக் கத்தினாள். "கால எங்க ஊணணும்னு தெரியாமலேயே உலகம் பூரா சுத்திட்டு வந்திருக்கியேய்யா!"

அன்றைக்கு மேடு சிரித்த சிரிப்பு கடற்கரைக்குக் கேட்டிருக்கும். தாமதமாக வந்ததால் நடுவர்கள் எங்களுக்கு ஒன்றும் தரவில்லை. போகிறது சனியன் என்று ஆடினோம்.

மறுநாள் செய்தித்தாள் வந்தது. படித்துவிட்டு யூஃபீமியா அதை ஒனேலியாவிடம் காட்டவே பயந்தாள். 'மாயெஸ்த்ரோ வில்லால்பாவின் அபூர்வக் கற்பனை. துக்க வீட்டின் முன் ஊர்வலம் மௌனமாக நிற்க, ஓர் எளிய பெண் தாளத்தை உயிர்ப்பிக்கும் உருக்கமான காட்சியை அவர் அமைத்திருந்தார்.'

அமைத்திருந்தாராம்! அவள் சாவையும் எடுத்துக்கொண்டான் அந்தத் திருடன்!

ஒனேலியா இரண்டு முறை படித்தாள். மடித்து மீன் சுற்றி வைத்தாள். கறுப்புத் துணியைக் கழற்றவில்லை. வாரம் போனது, மாதம் போனது, மழை பெய்து துணி வெளுத்தபோது வேறு கறுப்புத் துணி வாங்கி மாட்டினாள். அடுத்த ஜூன் மாதம் நிகாசியோ வந்து வாசலிலேயே நின்றான். இந்த வருஷமும் கோங்கா அங்கே நின்றால் பரிசு போய்விடும். ஆண்கள் முணுமுணுக்கிறார்கள் என்றான்.

"கழட்டிடுக்கா. கெஞ்சிக் கேக்குறேன்."

"செத்தவ எப்படிடா கழட்டுவா? எங்க சாகடிச்சியோ அங்க போய் எழுப்பு. ரேடியோவுல."

"மாயெஸ்த்ரோ குடுத்த மேளம்கா அதெல்லாம். நாளைக்குத் திருப்பிக் கேட்டா?"

"அப்ப போ."

அவன் போனான். போய் ஒரு கெட்டிக்காரத்தனம் செய்தான். கார்னிவல் அன்று கோங்காவை அக்காவின் தெரு வழியாக இறக்காமல் பின்தெருவுக்குத் திருப்பினான். ரேடியோ வண்டி ஒலிவாங்கியோடு பக்கத்தில் ஊர்ந்து வந்தது. மேளம் முழங்கத் திருப்பத்தில் திரும்பினார்கள். திரும்பிய இடத்திலேயே நின்றார்கள்.

பின்தெருவில் ஒரு வீடு பாக்கியில்லை. இரண்டு பக்கமும், கீழே சரிவு முடிகிற வரைக்கும், கதவுக்குக் கதவு கறுப்பு. பாவாடை, முக்காடு, குடைத் துணி, எது கறுப்பாக இருந்ததோ அது. நிகாசியோ எந்தப் பக்கம் திருப்புவான் என்று முன்பே ஊகித்து, இரண்டு வாரமாக யூஃபீமியா வீடு வீடாக ஏறி இறங்கியிருந்தாள். அந்த வீடுகளின் பெண்கள் வாசலில் கை கட்டி நின்றார்கள். ஆடலாம், அடிக்கக்கூடாது என்று சொல்லி வைத்திருந்த அதே பெண்கள்.

நிகாசியோ முதல் வாசலுக்குப் போனான். "யாரு செத்தது?"

"ஒனேலியா."

"நீங்க வந்து முதல் அடி குடுங்க."

"எங்களுக்கு அடிக்கத் தெரியாதே தம்பி. அதுவும் இல்லாம, பொம்பளைங்க தொடக்கூடாதாமே?"

அடுத்த வாசல். "யாரு செத்தது?" "ஒனேலியா." அதற்கடுத்தது. "ஒனேலியா." நான்காவது வாசலில் அவன் கேட்கவே இல்லை, அங்கிருந்தவள் தானாகவே சொன்னாள். ரேடியோக்காரன் ஒலிவாங்கியை நீட்டிக்கொண்டு, "யார் இந்த ஒனேலியா? யார் இறந்தது?" என்று அவனையே கேட்டான்.

நிகாசியோ பின்னால் திரும்பிப் பார்த்தான். அவனுடைய எண்பது பேரில் ஒருவன் மஞ்சள் சட்டையைக் கழற்றித் தரையில் போட்டான். பக்கத்திலிருந்தவனும் கழற்றினான். நிகாசியோ ரேடியோ வண்டியையும் இழுத்துக்கொண்டு, மேளமில்லாமல், செருப்புச் சத்தத்தோடு அக்காவின் தெருவுக்கு மொத்தக் கோங்காவையும் திருப்பிக்கொண்டு வந்தான். ஒனேலியா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"எங்கக்கா" என்றான் ஒலிவாங்கியில். "ஒனேலியா டெஸ்பைன். பஸ் பட்டறை. இரும்பு அடி அவங்களுது. நான் போன வருஷம் பொய் சொன்னேன்."

"கேக்கல" என்றாள் ஒனேலியா. "சத்தமா. பாரிஸ் வரைக்கும் போகணும்."

"ஒனேலியா டெஸ்பைன்!" என்று கத்தினான். அழுதுகொண்டே கத்தினான். "ஒனேலியா டெஸ்பைனோட அடி! வில்லால்பா திருடிட்டான்! நான் கூட நின்னேன்!"

பாரிஸ் வரைக்கும் போகவில்லைதான். அங்கே இன்னமும் காலைத் தலைகீழாகத்தான் உதைக்கிறார்கள், உதைக்கட்டும். ஒனேலியா எழுந்து, துணியை ஆணியோடு பிடுங்கி, தம்பியின் தோளில் எறிந்தாள். சின்ன இரும்புக்காரனிடம் கை நீட்டினாள். அவன் கழுத்திலிருந்து இரும்போடு வாரைக் கழற்றிக் கொடுத்தான். முதல் அடியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குள் போவாள் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் வாரைத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டு, வரிசையின் தலையில் போய் நின்று, துறைமுகம் வரைக்கும் அடித்துக்கொண்டு போனாள். பெண் தொடக்கூடாது என்று ஒருவனும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த இரும்புக் கோல் எங்கே இறங்கியிருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.